ஓலை நறுக்கும் மைக்ரானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னையோலை நறுக்கை மடித்துச் சிலைக்கு அளவெடுப்பதைத் துல்லியம் என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் கோவையில் அச்சுகளும் கருவிகளும் செய்யும் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். 5 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, பிசகினாலே எங்கள் அச்சு கழிவில் போய்விடும். ஓலையில் இருப்பது கலை. அதைத் துல்லியம் என்பது மிகையல்லவா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் எண் வந்த பிறகுதான் துல்லியம் வரும் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சிலையின் உயரத்துக்கு நறுக்கிய ஒடியோலையில் அங்குலக் கோடோ மில்லிமீட்டர் கோடோ கிடையாது. சிற்ப நூல்கள் சொல்லும் தாள அளவு முறைகளில், நவதாளமென்றால் உயரத்தை 108 பங்காகவும், உத்தம தசதாளமென்றால் 124 பங்காகவும் வகுத்து, முகம், கழுத்து, மார்பு என ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பங்கை அந்த ஓலையின் மடிப்புகளைக் கொண்டே எடுக்கிறார்கள். சாண் உயரச் சிலையும் ஆளுயரச் சிலையும் ஒரே விகிதத்தில் அமைவது இதனால்தான்.

இனி உங்கள் டூல் ரூமின் சர்ஃபேஸ் பிளேட்டுக்கு, அதாவது அளவெடுக்க அடிப்படையாக வைக்கும் சமதளப் பலகைக்கு, வருவோம். ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் அறிவியலாளர் கூட்டமொன்றில் சமதளப் பரப்புகளைப் பற்றி விரிவாகப் பேசினார். அதுவரை பிளேட்டுகளுக்கு நடுவே எமரி என்னும் அராவும் பொடியைத் தூவித் தேய்ப்பதே வழக்கம். பொடி தன் போக்கில் ஓடி, அறுக்கக் கூடாத இடத்தையும் அறுத்துவிடும் என்பதால் அவர் அதை மறுத்தார். எண்ணெயில் குழைத்த நிறத்தை ஒரு பிளேட்டில் மெல்லியதாகப் பூசி இன்னொன்றை அதன்மேல் வைத்து நகர்த்தினால், மேடான புள்ளிகளில் மட்டும் நிறம் ஒட்டும். அவற்றை மட்டும் ஸ்கிரேப்பர் என்னும் சுரண்டு கருவியால் வழித்துவிட்டு மறுபடியும் பூச வேண்டும். இரண்டு பிளேட்டுகளோடு நிறுத்தினால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். மூன்றில் எந்த இரண்டை எடுத்து எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்துமானால், மூன்றும் சமதளமாக இருந்தே தீர வேண்டும். முன்மாதிரியாக ஒரு சமதளம் இல்லாமலே, கண்ணும் கையும் மட்டும் கொண்டு சமதளம் உண்டாகிவிடுகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உயர்துல்லிய இயந்திரங்கள் சிலவற்றின் சறுக்குப் பரப்புகளை இன்றும் கையால்தான் ஸ்கிரேப் செய்கிறார்கள். ஸ்கிரேப்பர் விட்டுச்செல்லும் நுண்குழிகளில் எண்ணெய் தங்குவதால், பரப்புகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் நகர்கின்றன.

ஓரிடத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சுவாமிமலையில் ஒவ்வொரு வார்ப்புக்கும் மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே அதே சிலை இன்னொரு முறை வராது, வர வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் அச்சிலிருந்து வரும் ஆயிரமாவது பாகமோ முதலாவதன் இடத்தில் மாட்டியாக வேண்டும். அந்தப் பொறுப்பு ஓலைக்கு இல்லை. உங்கள் பொறுப்பை நான் குறைத்துப் பேசவில்லை.

உங்கள் இடத்தில் ஸ்கிரேப்பர் பிடிக்கத் தெரிந்த மூத்த ஃபிட்டர் எவரேனும் இருந்தால், புதிதாகச் சேர்ந்த பையன்களைச் சில மாதங்கள் அவர் பக்கத்தில் நிறுத்திவைக்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு இரும்பு வரும் என்பதை அவரிடம் நேரில் நின்றுதான் கற்க முடியும்.