வெளியில் வகுப்பு வைத்தால் பாடம் பின்தங்குமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மகளுக்குப் போன வருஷம் கண்ணாடி போட்டாயிற்று. மகன் படிக்கும் பள்ளியில் இந்த ஆண்டு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பீரியடை வேப்பமரத்தடியில் நடத்தப் போகிறார்களாம். மாதம் ஒருமுறை குளம், வயல் என்று எங்காவது கூட்டிப் போவார்களாம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். வெயில், பாம்பு, போர்ஷன் முடியாது என்று காரணம் சொல்கிறார்கள். என் கணவருக்கும் அதே எண்ணம்தான். மாமியார் ஊர் சேரன்மகாதேவி பக்கம். மாதம் இரண்டு தடவை போவோம். அங்கே போனாலும் பையன் செல்போனோடு திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறான். கையெழுத்துப் போடலாமா? நாங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: போடுங்கள். போடுவதற்கு முன் பள்ளியிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் போர்ஷன் பயத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் வாட்ஸ்அப் குழுவில் பாம்பைப் பற்றிப் பேசினாலும் பெரும்பாலானோர் மனசுக்குள் இருப்பது அதுதான்.

அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளின் வகுப்புகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பாடத்தை மரம், புல் இருக்கிற இடத்தில் நடத்துவது, அதே மாதிரியான இன்னொரு பாடத்தை வகுப்பறைக்குள் நடத்துவது. ஆசிரியரும் அதே ஆசிரியர், பிள்ளைகளும் அதே பிள்ளைகள். பத்து வாரம் இப்படி மாற்றி மாற்றி நடத்தினார்கள். அவர்கள் கவனித்தது வெளியில் நடந்த பாடத்தை அல்ல. அது முடிந்து உள்ளே வந்தபின் நடந்த அடுத்த பாடத்தை. வெளியே போய்வந்த நாட்களில் பிள்ளைகள் நன்றாகக் கவனித்தார்கள். "அங்கே என்ன பேச்சு, இங்கே பார்" என்று ஆசிரியர் பாடத்தை நிறுத்த வேண்டி வந்தது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2018-இல் வெளியான ஆய்வு இது. சிறிய ஆய்வுதான், எல்லா ஊருக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் வெளியே போனால் பிள்ளைகள் 'கெட்டுப்போய்' வந்து அப்புறம் அடங்கவே மாட்டார்கள் என்று நம் ஆசிரியர்களே பயப்படுகிறார்களே, அதற்கு இது நேர் எதிராக இருக்கிறது.

காரணம் ரொம்பச் சிக்கலானது இல்லை. வகுப்பில் ஒரு குழந்தை கவனிக்கிறது என்றால், பக்கத்துப் பையனின் பென்சில் பாக்ஸ், மின்விசிறிச் சத்தம், பசி எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே கவனிக்கிறது. அந்த ஒதுக்கும் வேலையே அலுப்பு. மரத்தடியில் அணில் ஓடுவதைப் பார்க்க யாரும் பிரயாசைப்பட வேண்டியதில்லை, கண் தானாகப் போகும். அந்த நேரத்தில் உழைத்துக் களைத்த கவனம் ஓய்வு எடுத்துக்கொள்கிறது. கவனக்குறைவுப் பிரச்சினை உள்ள குழந்தைகள் பூங்காவில் இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்தபோது, அதே நேரம் கடைத்தெருவில் நடந்து வந்ததைவிட நன்றாகக் கவனம் செலுத்தினார்கள் என்று 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. நடையில் மட்டும் பலன் என்றால் கடைத்தெருவும் போதுமானதாக இருந்திருக்கும்.

அடுத்து கண். இதை உங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் வெளியில் இருப்பதன் பலன்களில் மிக உறுதியாக நிரூபணமானது இதுதான். சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளை மூன்று ஆண்டு கவனித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள், அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்து, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. தைவானில் 2010 முதல் பள்ளிக் குழந்தைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வைக்கும் திட்டமே நடக்கிறது.

வெயிலில் காய வேண்டும் என்பதில்லை. நல்ல வெளிச்சமான வகுப்பறையிலேயே 300 முதல் 500 லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மர நிழலில் பல ஆயிரம், வெட்டவெளியில் ஒரு லட்சம் வரை போகும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்கிற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் அளவுக்கு மீறி நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்பதுதான் இப்போதைக்கு அதிகம் பேர் ஏற்கும் விளக்கம். ஆக, வேப்பமரத்தடியே போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தப் பலன் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில்தான் உறுதியாகத் தெரிகிறது. ஏற்கெனவே வந்த பவர் ஏறாமல் நிற்கும் என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. மகளுக்குக் கண் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள், மகனை இப்போதே வெளியே விடுங்கள்.

சரி, வெளியில் என்ன கற்றுக்கொள்வான்?

நம் ஊரில் 'இயற்கைச் சுற்றுலா' என்றால் வேன் பிடித்துக் குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு என்று ஒரே நாளில் மூன்று இடம் பார்த்து, வழியில் அல்வா வாங்கிக்கொண்டு வருவது. போகட்டும், அதுவும் வேண்டும். ஆனால் கற்பது அதில் நடப்பதில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற குழந்தைதான் கற்கும். போன தடவை இருந்தது இந்தத் தடவை இல்லையே என்று அதற்குத் தோன்ற வேண்டும். அங்கிருந்துதான் கேள்வி பிறக்கும்.

உங்களுக்கு அப்படி ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது, மாமியார் ஊர். சேரன்மகாதேவி வட்டாரம் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் விட்டால் வாய்க்கால் ஒரு மாதிரி இருக்கும், பிசானம் என்கிற அடுத்த நெல் பருவத்துக்கு மழையோடு சேர்ந்து ஓடும்போது வேறு மாதிரி, கோடையில் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கும்போது இன்னொரு மாதிரி. ஒரே மதகை இந்த மூன்று கோலத்திலும் பார்த்த பையனுக்கு 'பருவமழை', 'பாசனம்', 'ஆவியாதல்' என்று புத்தகத்தில் வரும்போது மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அங்கே பனையிலோ கிணற்றுப் பக்கத்துத் தென்னையிலோ தூக்கணாங்குருவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். மழைக் காலத்தை ஒட்டிக் கட்டும். ஒரே மரத்தில் சில கூடு முழுசாக நீளக் குழாயோடு தொங்கும், சிலது பாதியில் நிற்கும். பையன் கண்டிப்பாகக் கேட்பான், இது ஏன் பாதியிலேயே கிடக்கிறது என்று. உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "தெரியலையே, பார்ப்போம்" என்று அவனை அரைமணி நேரம் உட்கார வையுங்கள். கூடு கட்டுவது ஆண், தலையில் மஞ்சள் தொப்பி இருக்கும். நெல் தாள், கோரை, ஓலை என்று நார் நாராகக் கிழித்துக்கொண்டு வரும். பாதி கட்டியதும் பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதியைக் கட்டி வாசல் குழாய் இறக்கும். பிடிக்கவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். பெண் வந்து நிராகரித்துப் போவதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால், பார், ஊகி, சரிபார் என்கிற அறிவியல் முறையை அவன் செய்து பார்த்ததாக ஆகிவிடும். இதற்கு இணையான ஒர்க் ஷீட்டை நான் பார்த்ததில்லை.

குருவி இல்லையென்றால் குழிநரிப் பூச்சி. ஆச்சி வீட்டு இறவாரத்தின் கீழே, மழை படாத பொடி மண்ணில் புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழி இருக்கும். ஓர் எறும்பை விளிம்பில் விட்டால் அது ஏற ஏற மண் சரியும், அடியிலிருந்து மண்ணை வாரி அடிப்பது தெரியும். ஈர மண்ணில் ஏன் குழி இல்லை, எல்லாக் குழியும் ஏன் ஒரே சரிவில் இருக்கிறது, இதெல்லாம் மூன்றாம் வகுப்புக்காரன் கேட்கக்கூடிய கேள்விகள்தான். அந்தப் பூச்சி வளர்ந்து தட்டான் போல இறகு முளைத்துப் பறக்கும் என்றால் நம்ப மாட்டான். நம்பாமலே இருக்கட்டும், தேடிக் கண்டுபிடிப்பான்.

கணக்குக்கு நுங்கு. கோடையில் வெட்டும்போது ஒவ்வொரு காயிலும் எத்தனை கண் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றுதான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், இரண்டும் ஒன்றும் வரும். ஐம்பது காய் எண்ணிக் கோடு போட்டால் அதுவே ஒரு பட்டை வரைபடம். வானியல் வேண்டுமா? நம் திருநெல்வேலியில் ஏப்ரல் 12-ஐயும் ஆகஸ்ட் 30-ஐயும் ஒட்டி, பகல் 12.20 மணி வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மொட்டை மாடியில் நிமிர்த்தி வைத்த தண்ணீர் பாட்டிலுக்கு நிழலே விழாது. ஐந்து நிமிடத்துக்கு மட்டும் உச்சி வெயிலில் நிற்க அனுமதி கொடுக்கலாம்.

செல்போனைப் பிடுங்கிவிட்டு "வெளியே போய் விளையாடு" என்றால் போக மாட்டான். தனியாக வெளியே என்ன இருக்கிறது அவனுக்கு? முதல் சில தடவை உங்களில் ஒருவர் கூட நடக்க வேண்டும். அவனுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்: ஆச்சிக்குக் கீரை பறிப்பது, தாத்தாவோடு மடை திறக்கப் போவது. நீங்கள் செய்யக்கூடாதது ஒன்றுதான். திரும்பி வந்ததும் "என்னல பார்த்த, பத்து வரி எழுது" என்று உட்கார வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அதுவும் டியூஷனாகிவிடும், அடுத்த தடவை திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

இனி ஆபத்துகள். எல்லாரும் பாம்பைச் சொல்கிறார்கள், நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். தாமிரபரணியில் படித்துறை பார்க்க அமைதியாக இருக்கும், இரண்டடி தள்ளி மணல் அள்ளிய பள்ளம் இருக்கும். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும். ஆறு, வாய்க்கால், கிணறு எதுவானாலும் நீந்தத் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் குழந்தை தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்து விதைகள். காட்டாமணக்கு விதை நிலக்கடலை மாதிரி ருசிக்கும், பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்றுவிட்டு வாந்தியோடு கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வருவது அடிக்கடி நடக்கிறது. குன்றிமணி, மஞ்சள் அரளிக் காய், ஆமணக்கு விதை இவையும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. "பெரியவர்களிடம் காட்டாமல் எதையும் வாயில் போடாதே" என்ற ஒரு விதி போதும்.

பாம்புக்கு மூடிய செருப்பு, பொந்திலும் ஓலைக் குவியலிலும் கை விடாமை, இருட்டினால் டார்ச். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்ட கால், கையை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உங்களுக்கு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை பக்கம்தானே. இன்னொன்று, புதர்க்காட்டில் திரிந்து ஒன்றிரண்டு வாரத்தில் விடாத காய்ச்சல் வந்தால், அந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்கிற பூச்சிக்காய்ச்சலாக இருக்கலாம். சரியான மருந்து கொடுத்தால் சீக்கிரம் கேட்கும், தெரியாமல் விட்டால்தான் சிக்கல். வெயிலுக்கு, பங்குனி முதல் ஆனி வரை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வெளியே வேண்டாம். சட்டைக் கை நீளம், தொப்பி, தண்ணீர் பாட்டில்.

இப்போது பள்ளி. கையெழுத்துப் போடும்போது நேரில் போய்க் கேளுங்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு எந்த நேரத்தில்? மத்தியானம் இரண்டு மணி என்றால் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாதப் பயணத்துக்குப் போகும் இடத்தை ஆசிரியர் முன்கூட்டியே போய்ப் பார்த்தாரா, பத்துப் பன்னிரண்டு குழந்தைக்கு ஒரு பெரியவராவது இருப்பாரா, பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை எங்கே? எல்லாவற்றுக்கும் மேலாக, திங்கட்கிழமை வகுப்பில் அதை வைத்து என்ன செய்வார்கள்? "மரக்கன்று நட்டு போட்டோ எடுப்போம்" என்று பதில் வந்தால் பள்ளிக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை என்று அர்த்தம். அப்போதும் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் பெற்றோர் இரண்டு பேர் கூடவே போய் உதவுகிறோம் என்று சொல்லுங்கள். எதிர்க்கிறவர்களில் ஒருவரையே அதற்குப் பிடித்துப் போட்டால் இன்னும் நல்லது.

இடம் கேட்டால் கூந்தன்குளத்தைச் சொல்லுங்கள். நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது. அங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை, எச்சத்தை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்கிறார்கள். தை பிறந்த பிறகு போனால் கூடும் குஞ்சும் பார்க்கலாம். அதோடு, ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்களும் கலந்துகொள்ளலாம். மகனோடு உங்கள் கணவரை அனுப்பிவையுங்கள். காலை நேரத்தில்தான் எண்ணுவார்கள், சாயங்கால டியூஷனுக்கு வந்துவிடலாம்.