பின்னுதைப்பை அடக்கும் மவுஸ்

அன்புள்ள ஐயா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்களோடு இணையத்தில் சுடும் விளையாட்டுகள் ஆடுவேன். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதைத் தானாக அடக்கும் மேக்ரோ ஒன்றை, அதாவது மவுஸைத் தானே நகர்த்தும் ஒரு கட்டளைத் தொகுப்பை, மவுஸில் போட்டிருக்கிறேன். மவுஸோடு வந்த மென்பொருளில் உள்ள வசதிதான். விளையாட்டின் கோப்புகளை நான் தொடவில்லை. நிஜத் துப்பாக்கியை அடுத்த ஆண்டு தேசிய சேவையில் பழகத்தான் போகிறேன், திரையில் இருப்பதற்கு எதற்கு இத்தனை பயிற்சி? நண்பர்கள் என்னை ஏமாற்றுக்காரன் என்று ஒதுக்குவது நியாயமா?

கதிர், ஈசூன்

அன்புள்ள கதிர்,

நியாயம்தான்.

தேசிய சேவையில் உங்கள் கைக்கு வரப்போகும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கி தோளில் உதைப்பது இயற்பியல் விதிப்படி. திரையில் உள்ள துப்பாக்கிக்கு எடையே கிடையாது. ஆடுபவரின் கைக்கு வேலை வைக்க வேண்டும் என்றே ஒருவர் உட்கார்ந்து அந்த உதையை அமைத்திருக்கிறார். கவுண்டர்-ஸ்டிரைக் என்ற சுடும் விளையாட்டில் ஏகே-47 துப்பாக்கியின் 30 தோட்டாக்களும் ஏறத்தாழ ஒரே தடத்தில்தான் போகும்: முதலில் மேலே ஏறி, பிறகு இடமும் வலமுமாக அலையும். அதற்கு நேர் எதிராக மவுஸை இழுக்கப் பழகுகிறவர்கள், வெற்றுச் சுவரில் மொத்தத் தோட்டாவையும் கொட்டி, ஓட்டைகள் ஓரிடத்தில் ஒடுங்கும்வரை விடமாட்டார்கள். உங்கள் மேக்ரோவோ, பொத்தானை அழுத்தியதும் சில மில்லிவினாடிக்கு ஒருமுறை மவுஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்த்திவிடுகிறது. ஆட்டத்தில் கடினமாக இருந்த ஒரே வேலையை அது செய்கிறது. மிச்சமிருக்கும் எளிய வேலைக்கு நீங்கள்!

மவுஸோடு வந்த வசதி என்கிறீர்கள். மவுஸ் செய்தவரா ஆட்டத்துக்கு விதி வகுக்கிறார்? சில விசைப்பலகைகள் எதிர்த்திசை விசைகளைத் தாமே மாற்றிக் கொடுத்து, ஓடுபவரைச் சட்டென நிற்கவைத்தன. அவையும் கடையில் காசு கொடுத்து வாங்கியவைதான். 2024 ஆகஸ்டில், கவுண்டர்-ஸ்டிரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்டிரைக் 2-இன் தன் சர்வர்களில் அதற்குத் தடை போட்டுவிட்டது.

எனக்கு அதைவிட உறுத்துவது ரஸ்ட் விளையாட்டில் நடந்தது. அங்கும் தோட்டாக்களின் தடம் மாறாமல்தான் இருந்தது. அதனால் உங்களைப் போல மேக்ரோ வைத்து ஆடும் ஸ்கிரிப்ட்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2022 ஜூனில் விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த நிலையான தடத்தையே எடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் பழகியவர்களின் கைப்பழக்கமும் அதோடு செல்லாக்காசாகிவிட்டது. எதிரே நின்று தோற்றவனுக்கு ஓர் ஆட்டம்தான் போயிற்று. இவர்களுக்கு உழைப்பே போயிற்று.

கணினியோடு தனியாக ஆடும்போது மேக்ரோ இருந்துவிட்டுப் போகட்டும், கேட்க ஆளில்லை. நண்பர்களோடு ஆடும்போது எடுத்துவிடுங்கள். எடுத்ததை அவர்களிடம் சொல்லியும் விடுங்கள். புள்ளிகள் மளமளவென்று சரியும், கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகிறார்கள்.