சாட்சி சொல்லச் சொல்ல: கோர்ட் தட்டச்சு கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேல் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் அடித்தவள் நான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ். நிமிஷத்துக்கு 45 வார்த்தை வரும். ஆனாலும் சாட்சியத்தை ஜட்ஜ் ஐயா சொல்லச் சொல்ல அடிக்கும்போது தடுமாறுகிறேனே?

பரீட்சையில் கண்ணால் பார்த்து அடித்தாய் தங்கச்சி. இங்கே காதால் கேட்டு அடிக்க வேண்டும். வீட்டில் யாரையாவது தினசரியை உரக்கப் படிக்கச் சொல்லி அரை மணி நேரம் அடி. ஆள் இல்லையென்றால் போனில் உன் குரலையே பதிவு செய்துகொள். அதோடு, அடிக்கடி வரும் தொடர்கள் விரலில் ஏறட்டும்: ‘எனக்குத் தெரியாது’, ‘என்னை போலீசார் விசாரித்தார்கள்’, ‘என்று சொன்னால் சரியல்ல’. இவை யோசிக்காமல் விழுந்தால்தான் பெயர், தேதி, சர்வே எண் பக்கம் காது போகும்.

கணினிக்கான தமிழ்99 விசையமைப்பைப் பழகலாமா, பழைய டைப்ரைட்டர் விசையமைப்பே போதுமா?

மெஷினில் ஹையர் முடித்த கை என்றால் மாற்ற வேண்டாம். புதிதாகக் கணினியில் தொடங்குகிறவர்களுக்கு நான் தமிழ்99தான் சொல்வேன். நடுவரிசையில் இடக்கைக்கு அ, இ, உ, புள்ளி. வலக்கைக்கு க, ப, ம, த. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். ‘ந’வை அடுத்து ‘த’ அடித்தால் ‘ந்த’ ஆகிவிடும். இந்த வசதியே பெயர்களில் காலை வாரும். ‘லலிதா’ அடித்தால் ‘ல்லிதா’ என்று வரும். முதல் ‘ல’வுக்குப் பின் ‘அ’ ஒன்று தட்டுங்கள்.

வேகம் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. எதை முதலில் பார்க்க?

பிழையைத்தான். குறுக்கு விசாரணையில் வக்கீல், ‘சம்பவ இடத்தில் நீங்கள் இல்லை என்கிறேன்’ என்பார். சாட்சி மறுப்பார். பதிவில் ‘சம்பவ இடத்தில் நான் இல்லை என்று சொன்னால் சரியல்ல’ என்று ஏறும். என் முதல் வருடத்தில் அவசரத்தில் ‘சரி’யோடு நிறுத்திவிட்டேன். படித்துக் காட்டியபோது அந்தப் பெரியவர், ‘நான் அப்படிச் சொல்லலையேம்மா’ என்று பதறிய முகம் இன்னும் மறக்கவில்லை. அவர் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் மறுத்தது ஒப்புக்கொண்டதாகியிருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திரையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். ஒரு மாதம் வேகத்தைக் குறைத்து, பிழையில்லாமல் அடித்துப் பாருங்கள். வேகம் பின்னாலேயே வரும்.

ஐயா சொல்வது காதில் விழாவிட்டால் திரும்பக் கேட்கலாமா? கோபித்துக்கொள்வார்களோ என்று பயம்.

கேள் தம்பி. ‘ஐயா, சர்வே எண் மறுபடி’ என்று உடனே கேட்டுவிடு. 118, 181 ஆகிவிட்டால் நிலமே மாறிப்போகும்.

சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கிறது.

நாற்காலியை உயர்த்துங்கள், முழங்கை விசைப்பலகை மட்டத்துக்கு வரட்டும். மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாதீர்கள். வலி நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.