சுற்றும் கைப்பிடி, திறக்காத யன்னல்: வாசகர் கேள்வி – பதில்

குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்த யன்னலை முதல் வெயிலுக்குத் திறக்கப் போகும்போதுதான், அதற்கு ஒரு பூட்டு இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் இரட்டைக் கண்ணாடி யன்னல் பற்றிய கடிதங்கள் கூடுவதற்கு அதுவே காரணம். லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் யன்னல் பொருத்துவதையும் பழுதுபார்ப்பதையும் தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இம்முறை வந்தவற்றில் ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் படுக்கையறை யன்னலின் கைப்பிடி ஒரு வாரமாகச் சும்மா சுற்றுகிறது. யன்னலோ மூடியபடியே நிற்கிறது. புதுக் கைப்பிடி வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?
– வாசகி, ஹரோ

பதில்: சரியாகலாம், ஆகாமலும் போகலாம். கடைக்குப் போவதற்கு முன் பழுது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வெளியில் தெரியும் கைப்பிடிக்குப் பின்னால் 7 மி.மீ. சதுரக் கம்பி ஒன்று இருக்கிறது. அது யன்னற் கதவின் விளிம்புக்குள் மறைந்திருக்கும் சிறிய கியர்பொக்ஸ் ஒன்றினுள் நுழைகிறது. நீங்கள் கைப்பிடியைத் திருப்பும்போது அந்தக் கியர்பொக்ஸ் மேலும் கீழும் செல்லும் தகட்டுப் பட்டியை நகர்த்த, பட்டியில் உள்ள காளான் வடிவ உருளைகள் சட்டத்தில் பதித்த கொளுவிகளுக்குள் போய்ப் பூட்டுகின்றன. ஆகவே, கைப்பிடி, சதுரக் கம்பி, கியர்பொக்ஸ் ஆகிய மூன்றில் எது உடைந்தாலும் கைக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான்.

கைப்பிடியின் அடித்தகட்டில் உள்ள சிறு பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பி எடுத்து, கைப்பிடியைக் குறுக்காகத் திருப்பினால் இரண்டு திருகாணிகளும் தெரியும். பெரும்பாலான கைப்பிடிகளில் அவற்றுக்கிடையேயான தூரம் 43 மி.மீ. கழற்றிய கைப்பிடியை ஒரு கையிலும் அதன் சதுரக் கம்பியை ஒரு குறட்டினாலும் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கம்பி அசையாமல் கைப்பிடி மட்டும் சுற்றினால் பழுது கைப்பிடியில்தான். புதியது வாங்கினால் போதும். வாங்கும்போது கம்பி அடித்தகட்டுக்கு வெளியே எத்தனை மி.மீ. நீண்டிருக்கிறது என்பதையும், பிடி நேராக இருக்கிறதா, அல்லது இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைந்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. கம்பி பரவலாகக் கிடைக்கிறது என்பதற்காக உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கம்பி குட்டையாக இருந்தால் கியர்பொக்ஸின் ஓரத்தை மட்டும் பற்றி நாளடைவில் அதைத் தின்றுவிடும். நீளமாக இருந்தால் கைப்பிடி சட்டத்தோடு பொருந்தி உட்காராது.

கைப்பிடியும் கம்பியும் உறுதியாக இருந்தால் உடைந்தது கியர்பொக்ஸ். மூடிய நிலையில் அது உடைவதுதான் இந்தத் தொழிலில் மிகவும் தொல்லையானது. ஒருவர் யன்னற் கதவைப் பூட்டுப் பக்கத்தில் உள்நோக்கி இழுத்தும் வெளிநோக்கித் தள்ளியும் அசைக்க, மற்றவர் சதுரத் துளைக்குள் கம்பியைச் செருகி மெதுவாகத் திருப்பினால், அழுத்தம் தளரும் ஒரு கணத்தில் சில வேளைகளில் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த படி, கண்ணாடியைப் பிடித்திருக்கும் உட்பக்கப் பட்டிகளைக் கழற்றிக் கண்ணாடியையே வெளியே எடுப்பது. தலா 4 மி.மீ. தடிப்புள்ள இரண்டு கண்ணாடிகள் கொண்ட அலகு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோ எடையிருக்கும். மாடியில் நின்று தனியாளாகச் செய்யும் வேலை அல்ல அது. திறந்தபின் பழைய பூட்டுப் பட்டியை முழுதாகக் கழற்றி, கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். முகத்தகட்டிலிருந்து சதுரத் துளையின் நடுவரையுள்ள தூரம் ஒன்றில் 20 மி.மீ. ஆகவும் இன்னொன்றில் 22 மி.மீ. ஆகவும் இருக்கும். இரண்டு மி.மீ. தானே என்று விட்டால் பிறகு கைப்பிடியின் துளைகள் பொருந்தாது.

இனிமேல்தான் முக்கியமான விடயம். புதிய பூட்டைப் போட்டவுடன் யன்னலைத் திறந்தபடியே வைத்துக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். திறந்த நிலையில் இலகுவாகச் சுற்றி, மூடிய நிலையில் மட்டும் இறுகினால், குற்றம் பூட்டில் இல்லை. யன்னற் கதவு தொய்ந்திருக்கிறது. உருளை கொளுவியின் வாய்க்குள் நேராகப் போகாமல் அதன் உதட்டில் முட்டுகிறது. வீட்டிலுள்ளவர்கள் மாதக்கணக்கில் அந்த முட்டலைக் கைப்பலத்தால் வென்றுகொண்டிருப்பார்கள். நாகக் கலவையில் வார்த்த கியர்பொக்ஸ் ஒரு நாள் வெடித்துவிடும். பழுதடைந்த யன்னல்களில் நான் மாற்றிய கைப்பிடிகளிலும் பூட்டுகளிலும் பெரும்பகுதி, தேய்ந்த பிணைச்சல்களுக்காக உயிர்விட்டவை. பிணைச்சலை அப்படியே விட்டுப் பூட்டை மட்டும் மாற்றினால் அதே கடிதத்தை எனக்கு மறுபடியும் எழுத வேண்டியிருக்கும். பிணைச்சலை மாற்றுவதாயின் அதன் நீளத்தோடு மடித்த நிலையில் அதன் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், 13 மி.மீ., 17 மி.மீ. என இரு உயரங்கள் வழக்கத்தில் உள்ளன.

கேள்வி: பழைய அலுமினிய யன்னல். பூட்டிய பின்பும் காற்றுக்குக் கடகடவென்று ஆடுகிறது. கைப்பிடியில் உடைவு எதுவும் தெரியவில்லை.
– வாசகர், லெஸ்டர்

பதில்: உங்களுடையது சதுரக் கம்பி இல்லாத, சேவலின் கால்முள்ளைப் போல முன்னே நீளும் மூக்குள்ள பழைய வகைக் கைப்பிடி. அந்த மூக்கு சட்டத்தில் உள்ள சிறிய ஆப்பின்மேல் ஏறி யன்னலை இறுக்குகிறது. தேய்வது பெரும்பாலும் அந்த ஆப்புத்தான். அதை மட்டும் மாற்றினால் ஆட்டம் நிற்கும். கைப்பிடியையும் மாற்றுவதாயின் அடித்தகட்டிலிருந்து மூக்கின் கீழ்ப்பக்கம்வரை உள்ள உயரத்தை அளந்து வாங்குங்கள். ஒரேயோர் இடத்தில் மட்டும் பிடிக்கும் பூட்டு இது என்பதால், கீழ்மாடி யன்னலாக இருந்தால் தனியாக ஒரு திறப்புப் பூட்டும் பொருத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: பேரப்பிள்ளைகள் அடிக்கடி வந்து தங்குவதால் மேல்மாடி யன்னல்கள் எல்லாவற்றையும் பூட்டி, திறப்புகளைக் குசினியில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றில் இரண்டு தொலைந்துவிட்டன. அந்தப் பூட்டுகளை மாற்ற வேண்டுமா?
– வாசகர் தம்பதியர், டூட்டிங்

பதில்: தொலைந்த திறப்புகளைவிட அந்த டப்பாவே எனக்குக் கவலை தருகிறது. இரவில் கீழே தீப்பிடித்து மாடிப்படியில் புகை நிறைந்தால், யன்னலைத் திறக்கும் திறப்பு நீங்கள் போக முடியாத அறையில் இருக்கும். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான தீப்பாதுகாப்பு வழிகாட்டி, தப்பிச் செல்வதற்கான யன்னலின் திறப்பளவு குறைந்தது 0.33 சதுர மீற்றராகவும், உயரமும் அகலமும் தனித்தனியே 450 மி.மீ.க்குக் குறையாமலும், திறக்கும் பகுதியின் அடி தரையிலிருந்து 1100 மி.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவு கணக்குப் பார்த்து வைத்த யன்னலைத் திறப்பில்லாமல் பூட்டி வைத்தால் அது வெறும் சுவர்தான்.

ஆகவே ஒவ்வொரு படுக்கையறையிலும் அதற்குரிய திறப்பை, யன்னலுக்கு அருகில், சிறு பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில், ஆனால் அந்த அறையில் உறங்கும் பெரியவர் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய இடத்தில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து கண்ணில் படாத இடமாக இருக்கட்டும். பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்கப் பூட்டைவிடப் பொருத்தமானது, யன்னல் 100 மி.மீ.க்கு மேல் திறவாதபடி தடுக்கும் கட்டுப்படுத்தி. பெரியவர்கள் திறப்பில்லாமலே விடுவிக்கக்கூடிய, சிறுவர்களால் விடுவிக்க முடியாத வகையைக் கேட்டு வாங்குங்கள். கட்டுப்படுத்தி இருந்தாலும் யன்னலுக்குக் கீழே கட்டிலையோ கதிரையையோ போடாதீர்கள்.

தொலைந்த இரண்டுக்காகப் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. யன்னல் கைப்பிடித் திறப்புகள் வாசற்கதவின் திறப்பைப் போல ஒவ்வொன்றும் தனித்தனி அல்ல. ஒரு சில வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. முதலில் மற்ற யன்னல்களின் திறப்பைப் போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கைப்பிடியில் பொறித்துள்ள பெயரையோ எண்ணையோ பார்த்து அதே வடிவத்தை வாங்கலாம். இதைப் படிப்பவர்கள், "அப்படியானால் பூட்டால் என்ன பயன்?" என்று கேட்கக்கூடும். கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திருப்புபவனைத் தடுப்பதே அதன் வேலை. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். கீழ்மாடி யன்னல்களுக்குத் திறப்புப் பூட்டு வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் வீட்டுக் காப்புறுதிகள் உண்டு. உங்களுடையதை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: கடற்கரையோரம் வசிக்கிறோம். கைப்பிடிகளில் புள்ளிபுள்ளியாக அரிப்பு. இறுகும்போதெல்லாம் டபிள்யூ.டி.-40 அடிக்கிறேன், சில வாரங்களில் மறுபடியும் இறுகிவிடுகிறது. எதைப் பூசலாம்?
– வாசகர், சௌத்எண்ட்

பதில்: அந்தக் குப்பியின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகள் நீரை அகற்றுவதைக் குறிப்பவை. ஈரத்தைப் போக்கவும் துருவை இளக்கவும் அது நல்லது. நீண்ட நாள் மசகாக நின்று பிடிக்காது. அதனால் கழுவியபின், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, தையல் இயந்திரத்துக்கு விடுவது போன்ற இலேசான எண்ணெயையோ பி.ரி.எஃப்.ஈ. (டெஃப்லோன்) ஸ்பிரேயையோ பூட்டுப் பட்டியின் துளைகளிலும் உருளைகளிலும் சிறிதளவு விட்டு, கைப்பிடியைப் பத்துத் தடவை திருப்புங்கள். திறப்புத் துவாரத்துக்குள் எண்ணெய் விடாமல் கிராபைற்றுத் தூளைப் பயன்படுத்துங்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துக் களியாக்கிவிடும். இறப்பர் விளிம்புகளுக்கு சிலிக்கன் மட்டுமே. பெற்றோலிய எண்ணெய் பட்டால் அவை ஊதித் தளர்ந்துவிடும். பிணைச்சல் வழுக்கிச் செல்லும் தடத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். அது உராய்வினால்தான் யன்னலைப் பிடித்து நிறுத்துகிறது. அங்கே எண்ணெயை ஊற்றினால் காற்றுக்கு யன்னல் தானாகவே அடித்துக்கொள்ளும்.

அரிப்புக்குக் காரணம் உப்பு. முலாமில் புள்ளி விழுந்தபின் அதை அழிக்க முடியாது, பரவாமல் தடுக்கலாம். கடலோரத்தில் மாதம் ஒருமுறையாவது இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்துத் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைத்து உலர்த்துங்கள். மாற்றும்போது துருப்பிடிக்காத உருக்கினால் செய்ததைத் தேர்ந்தெடுங்கள்.

கடல் இல்லாவிட்டாலும் நம்மவர் குசினி யன்னல்களுக்கு இதே கவனம் தேவை. பொரித்த எண்ணெயின் ஆவி கைப்பிடியின் அடித்தகட்டுக்குள் போய்ப் பிசினாக உறைந்துவிடுகிறது. வெள்ளைக் கைப்பிடியில் மஞ்சள் கறை படிந்தால் பிளீச்சும் தின்னரும் கொண்டு தேய்க்காதீர்கள், மேற்பூச்சுத்தான் போகும். சவர்க்கார நீரால் துடைத்துவிட்டு வெயிலுக்கு விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் ஒளிக்கு நிற்காது.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். கைப்பிடி உடைந்ததால் யன்னல் மூடவில்லை. "நீங்கள் பாவித்து உடைத்தது, நீங்களே மாற்றுங்கள்" என்கிறார் வீட்டு உரிமையாளர்.
– வாசகி, இல்ஃபோர்ட்

பதில்: இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் நில உரிமையாளர் – வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர்மேல் வைக்கிறது. வெளி யன்னல்கள் அதற்குள் அடங்கும். நீங்கள் கவனமின்றி உடைத்தீர்கள் என்றால் நிலை மாறும். வழக்கமான பாவனையில் தேய்ந்து உடைந்தது அவருடைய செலவு. ஆகவே வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் திகதியிட்டு எழுத்தில் அறிவியுங்கள். மூடாத யன்னலின் படத்தையும் இணையுங்கள். முதல் பதிலில் சொன்னபடி பிணைச்சல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து அதையும் குறிப்பிட்டால், உடைத்தது உங்கள் கையல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி: படுக்கையறை யன்னல் ஒன்றின் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே பனிபோல் நீர் படிகிறது. அதே யன்னலின் பூட்டும் இறுக்கமாக உள்ளது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: தொடர்பு இல்லை, ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தீர்க்கலாம். கண்ணாடி அலகின் விளிம்பு அடைப்புக் கசிந்து, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் ஈரத்தால் நிறைந்துவிட்டன. முழு யன்னலையும் மாற்றத் தேவையில்லை, அலகை மட்டும் மாற்றினால் போதும். அகலம், உயரம் ஆகியவற்றுடன் மொத்தத் தடிப்பையும் கொடுங்கள், 28 மி.மீ. பரவலானது. புதிய அலகை வைக்கும்போது, பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையிலும் கைப்பிடிப் பக்கத்து மேல் மூலையிலும் பிளாஸ்டிக் துண்டுகளை இறுக்கி வைக்கும்படி பொருத்துபவரிடம் சொல்லுங்கள். பக்கவாட்டில் திறக்கும் கதவின் எடையை அந்த மூலைக்கு மூலையான தாங்கல்தான் பிணைச்சலுக்குக் கடத்துகிறது. அது இல்லாமல் கண்ணாடி சும்மா உட்கார்ந்திருப்பதால் தொய்ந்த கதவுகள் ஏராளம். துண்டுகளை வைத்தபின் கைப்பிடி இலகுவாகச் சுற்றினால், பூட்டுக்கு நீங்கள் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை.