‘போர்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால்

கேள்வி (களுவாஞ்சிகுடி): மகளின் சாமத்தியச் சடங்குப் படங்கள் 1 டிபி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. இப்போது செருகினால், போர்மட் செய்தால்தான் பாவிக்கலாம் என்று விண்டோஸ் சொல்கிறது. வீட்டிலேயே சரிப்படுத்த முடியுமா?

பதில்: ‘கேன்சல்’ கொடுங்கள். அடுத்து கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்தச் சிறிய டிஸ்க்குகள் ஓடத் தேவையான மின்சாரம் முழுவதும் யூஎஸ்பி வழியாகவே வருகிறது. நைந்த கேபிளிலோ ஹப்பிலோ அது போதாமல் போனால் நல்ல டிஸ்க்கும் இப்படித்தான் அடம்பிடிக்கும். மேசைக் கணினியென்றால் பின்பக்கத்தில் நேரே செருகுங்கள். பிறகு காதைக் கிட்ட வையுங்கள். ‘டிக்... டிக்...’ என்று ஒரே சீராகத் தட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். அதற்கு மென்பொருள் வைத்தியம் கிடையாது. ஓட்ட ஓட்ட, உள்ளே சுழலும் தட்டு கீறுபடும்.

சத்தமில்லையென்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறவுங்கள். கீழ்ப் பாதியில் உங்கள் டிஸ்க்கின் வரியில் 931 ஜிபி என்ற அளவும் பக்கத்தில் ‘ரோ’ (RAW) என்றும் இருந்தால், படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கின்றன. எது எங்கே என்று குறித்துவைத்த ஏடுதான் குழம்பியிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும், வயரைச் சட்டென்று இழுப்பதும் இதற்கு வழமையான காரணங்கள். அளவே காட்டாமல் ‘நொட் இனிஷியலைஸ்ட்’ என்று வந்தால் பழுது டிஸ்க்கில், அல்லது பெட்டிக்குள் உள்ள சர்க்கிட்டில். ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்டாலும் ஓகே கொடுக்க வேண்டாம்.

‘ரோ’ நிலையில், டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸின் கருவியான செக்டிஸ்க் ஓடாது. விண்டோஸ் 10இன் ‘2004’ என்ற இலக்கமுள்ள (ஆண்டல்ல) பதிப்பு முதல், மைக்ரோசொப்ட் ஸ்டோரில் ‘விண்டோஸ் பைல் ரெக்கவரி’ இலவசமாகக் கிடைக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். ‘எக்ஸ்டென்சிவ்’ முறையைத் தெரிவுசெய்யுங்கள். மீட்பவை இன்னொரு டிரைவில்தான் சேர வேண்டும். அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

போல்டர் திறக்கிறது, சில படங்கள் மட்டும் திறக்கவில்லை என்ற நிலையில்தான் டிரைவின் ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், ‘செக்’ உதவும். அதையும் கொப்பி எடுத்த பிறகே செய்யுங்கள். செக்டிஸ்க் திருத்துவது ஏட்டை, படத்தையல்ல. சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை ‘பவுண்ட்.000’ என்ற போல்டருக்குள் வெறும் இலக்கம் போட்டுத் தள்ளிவிடும். பழைய பெயர் திரும்பாது. முழுப் பரப்பையும் சோதிக்கச் சொன்னால் 1 டிபிக்குப் பல மணிநேரம் பிடிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே போய்விடவும் கூடும்.

கேள்வி (மட்டக்களப்பு): 1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

கேள்வி (அக்கரைப்பற்று): இணையத்தில் மலிவு விலைக்கு 2 டிபி பென்ட்ரைவ் வாங்கினேன். முதலில் போட்ட பாட்டுகள் நன்றாகப் பாடுகின்றன. பிறகு போட்ட வீடியோக்களின் பெயர் மட்டும் தெரிகிறது, ஓடவில்லை. போர்மட் செய்தால் சரிவருமா?

பதில்: சரிவராது. உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ உள்ள சிறிய சில்லு. ‘நான் 2 டிபி’ என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்படுத்தியை மாற்றி வைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பின் எழுதுபவை பழையதன் மேல் விழும், அல்லது காற்றில் போகும். பெயர்கள் தெரிவதால் ஆளுக்குச் சந்தேகம் வராது. வாங்கிய அன்றே பெரிய வீடியோக்களால் முழுவதையும் நிரப்பி, கழற்றிச் செருகி, கடைசியாகப் போட்டவற்றைத் திறந்து பார்ப்பதுதான் சோதனை. ஒரு பைல் 4 ஜிபிக்கு மேற்பட்டு ஏற மறுத்தால் அதை மோசடி என்று எண்ண வேண்டாம். அது, பைல்களை அடுக்கிவைக்கும் பெட்32 (FAT32) என்ற அமைப்பின் எல்லை, எக்ஸ்பெட் (exFAT) என்ற அமைப்பில் போர்மட் செய்தால் ஏறும்.

பில்லையும், ‘2 டிபி’ என்று போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் எடுத்து வைத்துவிட்டு விற்றவரிடம் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்; விற்றவர் இழுத்தடித்தாலும் அந்தக் கணக்கு நிற்காது.