தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் பழகும் விதத்தில் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஆனால் ஊரார் சொல்கிற வித்தியாசம் அல்ல. "அரசுப் பள்ளியில் சேர்த்தால் பெண்ணின் பேச்சும் பழக்கமும் கெட்டுவிடும்" என்று 2021-இல் எங்களிடம் சொல்லாத உறவினர் இல்லை. நீங்களும் கட்டண ரசீதைப் பார்த்து மலைத்துப்போய், பிள்ளையை மாற்றலாமா என்ற யோசனையில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்களுக்குத் திருப்பூர். கொரோனாவில் பனியன் கம்பெனி வேலை படுத்துவிட, மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த மகளைப் பதினொன்றுக்கு அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். பழைய பள்ளியில் ஒழுக்கம் என்றால் வாயைத் திறக்காமல் இருப்பது. தமிழில் பேசினால் அபராதம். பையன்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு வேறொன்று. எதுவானாலும் டைரியில் எழுதி அனுப்புவார்கள், பெற்றோர் போய் நிற்க வேண்டும். அந்த வயதிலும் கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டாள் என் மகள்.

புதிய பள்ளியில் அரசு ஊக்கத்தொகைக்காக வங்கிக் கணக்கு தொடங்கச் சொன்னார்கள். எங்களோடு அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் வந்தாள். அந்தத் தோழியின் அம்மா பனியன்களில் நூல் பிசிர் வெட்டும் வேலைக்குப் போகிறவர். என் மகளின் ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரியும் பள்ளிச் சான்றில் வேறு மாதிரியும் இருக்கிறது, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று கவுன்ட்டரில் கையை விரித்துவிட்டார்கள். நான் பேசுவதற்குள் அந்தத் தோழி, "சார், எனக்கும் இப்படித்தான் இருந்தது. தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்று கொடுத்தபோது ஏற்றுக்கொண்டீர்கள். இவளுக்கும் அது போதுமா, வேறு எதுவும் வேண்டுமா? ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நாளைக்கே கொண்டுவந்துவிடுவோம்" என்றாள். குரல் உயரவில்லை, குழையவும் இல்லை. அவர் எழுதிக் கொடுத்தார். ரேஷன் கடை, அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம் என்று வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பதிலாக வரிசையில் நின்று பழகிய பிள்ளைகள் அவர்கள். அந்தப் பழக்கம் என் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. மறு வருடம் பாட்டியின் முதியோர் உதவித்தொகை நின்றபோது விசாரித்து வந்தது அவள்தான்.

உடனே "கழிப்பறையைப் பார்த்தீர்களா, ஆசிரியர் இருக்கிறாரா" என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். பார்த்தேன். இயற்பியலுக்கு ஆசிரியர் வரவே அரையாண்டு ஆனது. ஆங்கிலமும் மேடைப் பேச்சும் அவளுக்குப் பழைய பள்ளி தந்தவை, அதையும் மறுக்கவில்லை. இந்தத் துணிச்சலில் பாதி, பள்ளி தந்ததல்ல, வீட்டு நிலைமை தந்தது என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது அந்தப் பள்ளிதானே?

எனக்குள்ள ஆற்றாமை வேறு. கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் பொதுவாக ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (புதுமைப் பெண் திட்டத்தில் 2024 முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள்). கொரோனாவில் பிழைப்பு போய் மாறிவந்த குடும்பங்கள் எத்தனை! எங்கள் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்களா? கல்லூரியில் தோழிகளுக்கெல்லாம் மாதாமாதம் பணம் ஏறுகிறது, இவளுக்கு இல்லை. அரசு இதைத் திருத்த வேண்டும்.

உங்கள் பிள்ளை இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை என்றால், மாற்றுவதை ஆறாம் வகுப்பிலேயே செய்துவிடுங்கள். உறவினர்கள் பேசுவதைப் பேசட்டும்.