குடியிருப்புத் தெருவில் வேகம் குறைய வழி உண்டா?

கேள்வி: எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை வந்த பிறகு மோட்டார் சைக்கிள்கள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன. தள்ளுவண்டியில் தண்ணீர்க் குடங்களைக் கொண்டுவரும் பெண்களும், ஓதப் போகும் பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ‘மெதுவாகச் செல்லவும்’ என்று வைத்த பலகையால் பயனில்லை. நடைபாதை கட்டவும் இடமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: நடைபாதைக்கு இடமில்லாததை எண்ணி வருந்த வேண்டாம். குடியிருப்புத் தெரு முழுவதுமே நடப்பவர்களுக்கு உரியது. வண்டிகள்தான் அதற்கு இணங்கிப் போக வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில், நடைபாதை, சாலை என்ற பிரிவையே நீக்கித் தெருவை ஒரே மட்டமாக்கி, மரங்களையும் வண்டி நிறுத்துமிடங்களையும் இருபுறமும் மாற்றி மாற்றி அமைத்து, வாகனம் நேர்கோட்டில் ஓட முடியாதபடி செய்தார்கள். ‘வோனெர்ஃப்’ எனப்படும் இத்தகைய தெருக்களை 1976இல் அந்நாட்டுச் சட்டம் ஏற்றது. அங்கே நடப்பவர்கள் தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். வண்டி நடை வேகத்தில்தான் செல்ல வேண்டும்.

வேகத்தைத் தீர்மானிப்பது பலகையன்று, தெருவின் வடிவம். தடையில்லாத நேரான சிமெண்ட் தளம் வேகமாக வா என்றே ஓட்டுபவரை அழைக்கிறது. பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டியைவிட 50இல் வருவது நிற்பதற்கு ஏறத்தாழ 2.8 மடங்கு தூரம் எடுத்துக்கொள்ளும். நம் கடற்கரை ஊர்களின் பழைய சந்துகளில் உள்ள வளைவுகள் இயல்பாகவே வேகத்தை அடக்குகின்றன. அகலப்படுத்துவதாகச் சொல்லி அவற்றை நேராக்க விடாதீர்கள்.

உடனே வேகத்தடை கேட்கத் தோன்றும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கென, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த வேகத்தடை, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்சரிவு. ஒரே இரவில் கொட்டி வைக்கும் செங்குத்தான மேடோ, குடங்கள் நிறைந்த தள்ளுவண்டியைக் கவிழ்த்துவிடும். உங்கள் தெருவுக்கு வேகத்தடையைவிட, நுழைவாயிலைக் குறுக்கி, உள்ளே இருபுறமும் மாறி மாறி மரக்குழிகள் வைப்பதே பொருந்தும். ஆம்புலன்ஸ் தடையின்றிப் போகும் அகலத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசும் புன்னையும் நிழலும் தரும். வெயில் காயும் இந்தக் கடற்கரையில் நிழலில்லாத தெருவில் யார் நடப்பார்கள்?

முதலில் மணல் நிரப்பிய டிரம்களைக் குழிகளுக்குரிய இடங்களில் வைத்துச் சில வாரம் சோதித்துப் பார்க்க நகராட்சியிடம் அனுமதி கேளுங்கள். தண்ணீர் வண்டி தள்ளும் பெண்களிடம் கேட்டு இடங்களை மாற்றிய பிறகே நிரந்தர வேலை தொடங்கட்டும். அப்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய தளம் போட வேண்டும் என்பதையும் மனுவில் எழுதுங்கள். இல்லாவிட்டால் சாலை உயர்ந்து, ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வரும்.